ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது

இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு படத்தைக்கூடச் சும்மா பார்க்கக் கூடாது என்று கீறல் முடிவு செய்தார். பார்க்கிற ஒவ்வொரு படத்துக்கும் மார்க் போட வேண்டும்.

கீறல் என்பது தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். தரை டைல்ஸ் செய்கிற இடம். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று முத்திரை குத்துவது அவர் வேலை. பதினெட்டு வருஷத்தில் இரண்டாம் தர முத்திரையை நான்கு முறை மாற்றியாயிற்று. முதல் தர முத்திரை இன்னும் புதுசு. கண்ணாடி மாதிரி பளபளக்கிற டைல்ஸிலும் எங்கோ ஒரு கீறல் இருக்கும், அது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். பெயரைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. உள்ளூரப் பெருமைதான்.

வருஷக் கடைசியில் சூளையை அணைத்துப் பராமரிப்பு பார்ப்பார்கள். ஒன்பது நாள் விடுப்பு. போன வருஷம் அந்த ஒன்பது நாளும் எந்தப் படம் பார்ப்பது என்று பேசியே தீர்ந்துபோனது. அவர் சண்டைப் படம் என்பார். மனைவி குடும்பப் படம் என்பாள். ரிமோட் கை மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் யாரோ மீன் வளர்ப்பதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஓடும். அதை இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

ஆகவே இந்த முறை நோட்டுப் புத்தகம். ஐந்து கட்டம்: கதை, நடிப்பு, பாட்டு, சண்டை, நம்புகிற மாதிரி இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் பத்து. ஆறாவது கட்டத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு நாள் என் படம், ஒரு நாள் உன் படம். எட்டு நாள். யார் படங்களுக்கு மொத்த மார்க் அதிகமோ, ஒன்பதாம் நாள் மத்தியானம் அவங்க சொல்றதுதான் நடக்கும்" என்றார்.

மனைவி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். எதிரில் இருப்பவர் எந்த வரியில் தடுமாறுவார் என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

"போட்ட மார்க்கை அப்புறம் மாத்தினா?" என்று கேட்டாள்.

"மாத்தக் கூடாது. குத்தின முத்திரை குத்தினதுதான். பேனாவுலதான் எழுதணும்."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொல்லி அவர் பார்த்ததில்லை. பார்த்த சந்தோஷத்தில் மேலே யோசிக்கவில்லை.

மூன்றாவது நீதிபதி மாமனார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தார். படம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார். முடிந்ததும் எழுந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஏழு மார்க் போடுவார்.

"தூங்கிட்டு எப்படி மாமா மார்க் போடறீங்க?"

"நல்லாத் தூங்கவிட்ட படம் மாப்பிள்ளை. குறைக்க மனசு வரல."

முதல் நாள் கீறலின் படம். ஒரு பாலம், அதன் இரு பக்கமும் துப்பாக்கி. படம் முடிவதற்குள் பாலம் மூன்று தடவை வெடித்தது. அவர் நாற்பத்து நான்கு போட்டார். மனைவி நாற்பத்தொன்று போட்டாள்.

"நிஜமாவே பிடிச்சுதா?"

"பாலம் நல்லா வெடிச்சுதுங்க."

ஜெயித்தாயிற்று என்று அப்போதே நினைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் அவள் படம். ஒரு டீச்சருக்குத் தீவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை வேலை கிடைக்கிறது. ரொட்டிக் கடை வைத்திருக்கிற புருஷன் போகவிட மாட்டேன் என்கிறான். அவள் போகாமல் இருந்துவிடுகிறாள். அப்புறம் இருபது வருஷம் ரொட்டி வேகிறது, அவள் சிரிப்பதே இல்லை.

கீறலுக்கு ரத்தம் கொதித்தது.

"என்ன மனுஷன் இவன்?"

"ஏங்க, அவன் கடையை யாரு பார்ப்பா?"

"கடை கிடக்கட்டும்மா. ரொட்டி எங்க வேணா வேகும். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன். நீங்க பார்த்தீங்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். எழுதிடுங்க."

எழுதினார். 'தன் வசதிக்காக மனைவியின் திறமையைப் பூட்டி வைப்பவன் கணவன் இல்லை, பூட்டு.' எழுதி முடித்ததும் வரி நன்றாக அமைந்துவிட்டதாகத் தோன்றியது. அடிக்கோடு போட்டுக் கையெழுத்திட்டார். நாற்பத்தாறு.

நான்காம் நாள் படத்தில் மனைவி டாக்டர், புருஷன் மெக்கானிக். அவளுக்கு மலையூரில் ஆஸ்பத்திரி. அவன் பட்டறையை இழுத்துச் சாத்திவிட்டு, ஸ்பானர் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஏறிய பஸ்ஸின் பின்னால் ஓடுகிறான். அந்த இடத்தில் கீறல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழறீங்களா?"

"கண்ணுல ஏதோ விழுந்திருக்கு."

"காட்டுங்க, பார்க்கிறேன். என் தொழிலே அதுதான்."

"நீ படத்தைப் பாரு."

அன்றைக்குத்தான் நடக்காத காரியம் நடந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது போட்டார். சண்டைக் கட்டத்தில் மட்டும் ஒன்பது. படத்தில் அடிதடியே இல்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டை மிக இயல்பாக இருந்ததாகக் குறித்தார். நம்புகிற மாதிரி இருந்ததா என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து. 'மனமிருந்தால் எந்த ஆணும் இதைச் செய்யலாம். செய்யாதவன் சொல்லும் காரணமெல்லாம் சாக்கு.'

தன் படங்களுக்கு நாற்பத்து நாலைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. வெடிக்கிற பாலத்தில் எந்தக் கம்பி அட்டை என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பொய் மார்க் போடக் கை வராது. அதை அவள் நன்றாக அறிவாள்.

ஆறாம் நாளும் எட்டாம் நாளும் அவள் படங்களில் இன்னும் இரண்டு புருஷன்மார் பெட்டி தூக்கிக்கொண்டு மனைவியோடு ஊர் மாறினார்கள். உலகத்தில் இத்தனை பேர் இப்படியா என்று அவருக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் எட்டாம் படத்தில் பின்னணி இசை சரியில்லை. அதை எழுதுகிற மும்முரத்தில் சந்தேகம் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மாமனார் கூட்டிப் பார்த்தார். மகள் பதினெட்டு மார்க்கில் முன்னால் இருந்தாள்.

"சரி, உன் இஷ்டம். எந்தப் படம்?" என்றார் கீறல்.

"படம் வேண்டாங்க. நோட்டைப் படிக்கலாம்."

பூட்டு வரியைப் படித்தாள். சாக்கு வரியைப் படித்தாள். கேட்கக் கேட்கக் கீறலுக்கு நன்றாகவே இருந்தது. இவ்வளவு நன்றாக எழுதுவோம் என்று அவருக்கே தெரியாது.

"யாரு கையெழுத்துங்க இது?"

"என்னுதுதான்."

"அப்பா, நீங்க சாட்சி" என்றாள். மாமனார் அன்றைக்குத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் கீறலுக்குப் பழைய சந்தேகம் திரும்பி வந்தது.

அவள் நோட்டை மூடினாள். "எனக்கு மாற்றல் வந்திருக்கு. ரயில்ல நாலு மணி நேரம். புதுக் கிளை. நான்தான் தலைமை."

"இது மாற்றல் இல்ல. ஏமாற்றல்."

"ஒரு எழுத்துதானே கூட."

"அது படம்மா. வாழ்க்கை வேற."

"நம்புகிற மாதிரி இருந்ததா, பத்துக்குப் பத்து. கையெழுத்து நீங்க போட்டது."

"முன்னாடியே நேரா கேட்டிருக்கலாமே."

"கேட்டேங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே பதவி கொடுத்தாங்க. நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க. தட்டுலேர்ந்து தலையைத் தூக்காம, சரிவராதுன்னீங்க. கடையில போய் நானே வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன்."

அவள் குரல் உயரவில்லை. கண் சோதிக்கும்போது, இந்த வரி தெரியுதா, அடுத்த வரி தெரியுதா என்று கேட்பாளே, அந்தக் குரல்தான். கீறல் அந்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தார். என்ன சாப்பிட்டார், என்ன கிழமை, அவள் எந்தப் பக்கம் நின்றாள்? ஒன்றும் வரவில்லை. இமை முடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிற கண் அன்றைக்கு எதிரில் இருந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. நோட்டைவிட அதுதான் அவரைச் சுட்டது.

பிறகு கேட்டார், "எப்ப சேரணும்?"

"பதினஞ்சாம் தேதி. வீடு அப்பா பார்த்துட்டார். கடைக்கும் சம்மதம் எழுதிக் கொடுத்தாச்சு."

"எப்ப கொடுத்தே?"

"நீங்க நோட்டு வாங்கினீங்களே, அதுக்கு முந்தின வாரம்."

கீறல் மாமனாரைப் பார்த்தார். மாமனார் சுவரைப் பார்த்தார்.

இனி கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். "நான் வரேன்னே வச்சுக்கோ. தொழிற்சாலையில விடணுமே. பதினெட்டு வருஷம். நான் பார்க்காம அங்க ஒரு டைல்ஸ்கூட வெளிய போகாது. மேனேஜர் லேசுல விட மாட்டார்."

"அந்த ஊர்ல உங்க கம்பெனிக்குக் கிடங்கு இருக்குங்க. போன வாரமே மேனேஜர்கிட்ட பேசினேன்."

"என்ன சொன்னார்?"

"நான் கேட்டது உங்களுக்கு மாற்றல் மட்டும்தான். சாமான் ஏத்த லாரியும் தரேன்னு அவராத்தான் சொன்னார்."