கடல் பார்த்த அறையை ரத்துச் செய்த கதை

அன்புள்ள மங்களேஸ்வரி மச்சாளுக்கு,

ஒஸ்லோவிலிருந்து சுபாஜினி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஜூன் மாதத்திலும் குளிர்ச்சட்டையோடு வேலைக்குப் போவதைச் சுகம் என்று சொல்லலாமென்றால். உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். வைபரில் ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இது. ஆனால் வைபரில் சொன்னால் நீங்கள் உடனே அழைப்பீர்கள், உங்கள் குரலைக் கேட்டதும் நான் எல்லாவற்றுக்கும் "ஓம் மச்சாள்" என்று சொல்லிவிடுவேன். ஆகவே கடிதம்.

வருத்தத்தோடு அறியத் தருகிறேன்: ஜூலையில் நாங்கள் இத்தாலிக்கு வரவில்லை.

காரணத்தைச் சொன்னால் உங்கள் கோபம் குறையும், அல்லது கூடும். கல்யாணமாகி வந்த பிறகு நாங்கள் விடுமுறைக்குப் போகாத கோடை கிடையாது. பாரிஸில் சித்தப்பா வீட்டுச் சோபாவில் படுத்தோம், சொந்தக்காரப் பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் போனோம், ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன், மடியில் பலகாரத் தட்டு இருந்ததால் அதுவும் பாதிதான். நயாகராவுக்கு வெளிக்கிட்ட அன்று வழியில் ஒருவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு, அங்கிருந்து அவருடைய சகலன் வீட்டில் தேத்தண்ணி, அருவிக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது, சத்தம் மட்டும் கேட்டது. என்னோடு வேலை செய்யும் சோஃபி, "லண்டனில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டபோது, "சின்னம்மாவின் புதுக் குசினி, புது அடுப்பு" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

அதனால்தான் தெற்கு இத்தாலி. அங்கே எங்களுக்குச் சோபா குறைவு என்று நினைத்தேன். குளிர்காலம் முழுவதும் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபடி திட்டம் போட்டேன்: நாப்போலி, மத்தேராவின் குகை வீடுகள், பிறகு சிசிலி. சிசிலியில் உங்கள் வீட்டில் இரண்டு இரவு என்று முதலிலேயே போட்டிருந்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். கடைசியாக லிபாரித் தீவில், கடலைப் பார்த்த பல்கனியோடு ஓர் அறை. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய் எனக்கென்று ஒரு நீச்சலுடுப்புக்கூட வாங்கினேன். வாழ்க்கையில் முதல் நீச்சலுடுப்பு.

பிறகு இவர், உங்கள் தம்பி, குடும்பக் குரூப்பில் "இத்தாலி வாறம்" என்று ஒரு வரி போட்டார். அவ்வளவுதான். நாப்போலியிலிருந்து அருட்செல்வம் அண்ணை இவருக்குப் போன் எடுத்து, "லிங்கம், நான் உயிரோட இருக்கேக்கை உனக்கு ஹோட்டலோ?" என்று கத்தினார். மத்தேராவில் ஒருவரும் இல்லை, ஆனால் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதன் இருக்கிறாராம், காரோடு வந்து ஏற்றுவாராம். லிபாரியாவது மிஞ்சும் என்று இருந்தேன். பிரசாந் என்றொரு தூரத்துச் சொந்தம் அங்கிருந்து போன் எடுத்தார். நான் பதிவு செய்த அதே ஹோட்டலில்தான் சமையல் வேலையாம். "அக்கா, ரூமைக் கான்சல் பண்ணுங்கோ. என்ர அறையிலை படுங்கோ, நான் கீழை பாய் போடுறன்" என்கிறார். நீங்களும் எடுத்து, "ரெண்டு கிழமையும் இஞ்சையே நில்லுங்கோ, லண்டன் ஆக்களும் வருகினம்" என்றீர்கள். அன்று உங்கள் குரல் களைத்திருந்தது. என் கவலையில் நான் ஏனென்று கேட்கவில்லை.

இவர் ஒரு மாதத்துக்கு முன்னமே பெட்டி அடுக்குகிறவர். என் நீச்சலுடுப்பை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் நோர்வேப் பழுப்புச் சீஸ் வைத்தார். "அக்காவுக்கு விருப்பம்" என்றார். அன்று பின்னேரமே எல்லா அறைகளையும் ரத்துச் செய்துவிட்டேன். விமானச் சீட்டுத்தான் ரத்தாகாதாம், கிடக்கட்டும்.

இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது மச்சாள். இவர் அகதியாக வந்த காலத்தில் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் சோபாவைத் தந்தார்கள். அந்தச் சோபாக்கள் இல்லையென்றால் இன்று நாங்கள் இல்லை. அது தெரிந்ததால்தான் ஒருவருக்கும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனாலும் ஒரே ஒரு விடியற்காலை, ஒருவருடைய குசினிக்குள்ளும் போய் "நான் ஏதும் வெட்டித் தரட்டோ" என்று கேட்காமல், சும்மா இருந்து கடலைப் பார்க்க ஆசைப்பட்டேன். அது பெரிய ஆசைதான் போலிருக்கிறது.

அத்தானுக்கு எங்கள் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். முழங்காலில் எண்ணெய் பூச மறக்க வேண்டாம். எங்களைக் கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
சுபாஜினி

பின்குறிப்பு: முத்திரை ஒட்டுமுன் நீங்கள் அழைத்துவிட்டீர்கள். வரவில்லை என்றதும் அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ குரலைத் தாழ்த்தி, "ஐயோ சுபா, அந்தக் கடல் அறையையும் கான்சல் பண்ணிப்போட்டீரோ? வந்து நில்லுங்கோ எண்டு சொல்லாட்டி என்ன நினைப்பியள் எண்டுதான் சொன்னனான். முப்பது வருஷமா ஒவ்வொரு கோடையும் வாற ஆக்களுக்குச் சமைக்கிறன். அந்தத் தீவுப் பக்கம் ஒருக்காலும் போனதில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போவீரோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்" என்றீர்கள். இரண்டு அறை எடுத்துவிட்டேன். லிபாரியில் அல்ல, அங்கே பிரசாந் இருக்கிறார். பக்கத்துத் தீவு சலீனாவில். மேலே எழுதியதை லண்டன் ஆட்கள் வந்ததும் அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு முழங்காலுக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டு மிலாசோ துறைமுகத்துக்கு வாருங்கள். உப்புத் தண்ணீர் முழங்காலுக்கு நல்லதுதானே. இந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிடுங்கள். உங்கள் தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை, சொன்னால் குரூப்பில் போட்டுவிடுவார். விமானத்தில் ஏறியதும் போனை வாங்கி வைத்துக்கொண்டு சொல்லுவேன். சீஸை எடுத்துவிட்டு நீச்சலுடுப்பைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். சனிக்கிழமை மறுபடி ஸ்ட்ரோம்மன் போகிறேன். உங்கள் அளவு என்ன, மச்சாள்?