‘இந்தாவாரேன்’ வேண்டாமென்ற நாற்காலி

கோவில்பட்டியில் கடலைமிட்டாயை வாயில் போடாத ஆள்கூட ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். ‘இந்தாவாரேன்’ வருவாள் என்று வாசலைப் பார்த்துக் காத்துக்கிடக்காத ஆள் ஒருத்தர் கிடையாது. டீக்கடைக்காரர் காத்துக்கிடந்திருக்கிறார். மினி பஸ் கண்டக்டர் காத்துக்கிடந்திருக்கிறார். அவள் தம்பி கல்யாணத்தில் முகூர்த்த நேரமே காத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் அவள். பூ வாங்கப் போனவள், கடைத்தெருவில் இரண்டு பேர் சண்டை போட, முடிவு தெரியாமல் வர மனசில்லாமல் அங்கேயே நின்றுவிட்டாள். கடைசியில் முடிச்சுப் போட்டது சித்தி மகள். இவள் வந்து அதை அவிழ்த்துத் திரும்பப் போடுவேன் என்று நின்றாளாம். ஐயர் கையெடுத்துக் கும்பிட்டார் என்று சொல்வார்கள்.

ரேஷன் கார்டில் அவளுக்கு ஒரு பேர் இருக்கத்தான் செய்யும். எங்கள் மிட்டாய்க் கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும், “இந்தா வாரேன்” என்பாள். வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் எப்போதும்வென்றான் ஊரில் கோயில் கொடைத் திருவிழா ஞாபகம் வந்துவிடும். மறுவாரம் வந்து, பாதி கட்டிவைத்த பெட்டி முன்னால் உட்கார்ந்து, “எங்க விட்டேன் மயினி?” என்று என்னைக் கேட்பாள். எனக்கு அவளைவிடப் பத்து வயசு கூட. அவளுக்கு நான் மயினி, அண்ணி முறை.

எங்கள் வேலை அப்படிப்பட்ட வேலைதான். மிட்டாயைக் கவரில் போட்டு, ஒட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். கட்டின பெட்டிக்குக் கூலி. வரலாம், போகலாம். பெரிய முதலாளி இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. “அவ கை இங்கன இருந்தா மிஷினுக்குச் சமம். காலுதான் நம்மளுது இல்ல” என்று சிரிப்பார்.

பசுவந்தனைப் பக்கம் அவளுக்குக் கொஞ்சம் கரிசல் புஞ்சை உண்டு. வருஷத்தின் முதல் மழை விழும்போது அவள் அந்தப் புஞ்சையில் நிற்க வேண்டும். விதைக்கவா என்றால் அதுவும் இல்லை, சும்மா நிற்க.

“எதுக்குட்டி நனையப் போற?” என்று கேட்டேன்.

“ஆளே இல்லாத புஞ்சைல வந்து பெய்யுததுன்னா மழைக்கு என்ன மரியாத மயினி?”

கிழக்கே கொஞ்சம் கறுத்தால் போதும், எழுந்துவிடுவாள். அவள் வாசம் பிடித்த மழையில் முக்கால்வாசி எந்த ஊரிலும் பெய்ததில்லை. காய்ந்த தலையோடு திரும்பி வருவாள். நாங்கள் சிரித்தால், “ஒங்க சிரிப்புச் சத்தத்துலதான் மழை பயந்து ஓடிட்டு” என்பாள்.

பெரியவர் போய்ச் சேர்ந்த பிறகு மகன் வந்து உட்கார்ந்தார். கோயம்புத்தூரில் பெரிய படிப்புப் படித்தவர். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். வந்ததும் சுவரில் ஒரு கைரேகை மிஷினை மாட்டினார். வரும்போது விரல் வைக்க வேண்டும், போகும்போது விரல் வைக்க வேண்டும்.

மிட்டாய்க் கம்பெனியில் யார் விரலில் ரேகை இருக்கிறது? பாகுதான் இருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் பயபக்தியோடு அழுத்தி அழுத்தி வைத்தோம். திங்கட்கிழமை மாட்டின மிஷினில் வியாழக்கிழமை எறும்பு ஒரு குடும்பமே குடியேறிவிட்டது. வெள்ளிக்கிழமை அது யார் விரல் வைத்தாலும் ஒரே ஆள் பேரைச் சொன்னது. சனிக்கிழமை ஒன்றுமே சொல்லவில்லை.

“யாரு இப்படிப் பண்ணுனது?” என்று சின்ன முதலாளி கத்தினார்.

“எறும்பு தம்பி” என்றாள் இந்தாவாரேன். “அதுதான் நேரத்துக்கு வருது, நேரத்துக்குப் போகுது. அதையே சூப்பர்வைசராப் போட்டிருங்க.”

அந்தப் பேச்சுத்தான் அவருக்கு யோசனை கொடுத்ததோ என்னவோ, அடுத்த வாரம் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று வந்து இறங்கியது. எல்லோரையும் கூட்டி நிறுத்தி, இந்தாவாரேனைக் காட்டிச் சொன்னார்: “இனிமே அக்காதான் இங்க சூப்பர்வைசர். மாசச் சம்பளம். இவ்வளவு திறமைய வச்சுக்கிட்டுத் தரையில உக்காரலாமா? வாழ்க்கையில மேல வரணும்லா?”

நாங்கள் கை தட்டினோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலால் உந்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று. இறங்கிவிட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. மழை வந்தா எந்திரிச்சுப் போலாமா?”

“சூப்பர்வைசர் எப்படிக்கா பாதியில போறது?”

“அப்ப இது சேரு இல்ல தம்பி. மாட்டக் கட்டுத மொளக்குச்சி. அதுக்குச் சக்கரம் வேற போட்டிருக்கீங்க.”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“எனக்கு நல்லாத்தான இருக்கு! மேல வந்து என்னத்தப் பாக்கப் போறேன்? இங்கன உக்காந்தா எனக்கு வெளிய மானம், மேகம் எல்லாம் தெரியுது. அங்கன உக்காந்தா இவளுவ தலைதான் தெரியும். பேன் பாக்கவா?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சின்ன முதலாளி முகம் சிவந்துவிட்டது. நாளையிலிருந்து ஒன்பது மணிக்கு கேட் பூட்டப்படும், ஐந்து மணிக்குத்தான் திறக்கப்படும், நடுவில் வெளியே போகிறவர்கள் அப்படியே போய்விடலாம் என்றார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

நாற்காலியை அப்படியே என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்தேன். ஏன் உட்காரக் கூடாது? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு எதற்கு நாற்காலி என்று ஒருத்தி முனகினாள். அவள் வேண்டாம் என்றதுதானே என்று இன்னொருத்தி சொன்னாள். சொல்லட்டும். காலமெல்லாம் சம்மணம் போட்டுத் தேய்ந்த முழங்கால் என்னுடையது. நாற்காலி எனக்குப் பிடித்தது, அவளுக்குப் பிடிக்கவில்லை. இதில் யார் பெரியவள் என்று பேச ஒன்றுமில்லை. அவர் கொடுத்த கேட் சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த ஐப்பசி மாதம் அது. ஒரு நாள் மத்தியானம் கிழக்கே கறுத்தது. காற்று நின்றுவிட்டது. கவர் ஒட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அவள் எழுந்து சேலையை உதறினாள்.

“மயினி, இந்தா வாரேன்.”

“ஏட்டி, மணி மூணுதான் ஆகுது. போனா வேலை போயிரும்.”

“தெரியும் மயினி.”

சிரிக்காமல் சொன்னாள். அவள் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெட்டிக் கூலியைவிட்டால் அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. அந்தப் புஞ்சை அவளுக்குச் சோறு போட்டதைவிட அவள் அதற்குப் போட்டதுதான் அதிகம்.

நான் எழுந்தேன். என் முழங்கால் அவசரத்துக்கு எழாது, மெதுவாகத்தான் எழுந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன். கேட்டைத் திறந்துவிட்டேன். அவள் போய்விட்டாள்.

கண்ணாடி ரூமிலிருந்து சின்ன முதலாளி ஓடி வந்தார். “ஆச்சி! யாரக் கேட்டுத் திறந்தீங்க?”

“சாவிய யாருட்ட குடுத்தீங்க தம்பி?”

“உங்ககிட்டத்தான்.”

“அப்ப என்னயத்தான கேக்கணும்? கேட்டா. சரின்னுட்டேன்.”

“இதுக்கா உங்கள சூப்பர்வைசர் ஆக்குனேன்?”

“வேற எதுக்கு? சரின்னு சொல்லவும் வேண்டாம்னு சொல்லவும்தான இந்தச் சேரு? வேணும்னா எடுத்துக்கிடுங்க. நான் தரையில உக்காந்து பழகுனவதான்.”

நாற்காலியை அவர் எடுக்கவில்லை. தீபாவளி நெருக்கத்தில் அவர் எதை எடுப்பார்?

அன்றைக்கு ஒரு துளி பெய்யவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு முன்பே, காய்ந்த தலையோடு, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள். சின்ன முதலாளி அவள் முன்னால் வந்து நின்றார்.

“எங்கக்கா மழை?”

“கெளம்பிட்டு தம்பி. ‘இந்தா வாரேன்’னு சொல்லிவிட்டிருக்கு.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் எப்படி வேலையைவிட்டுத் தூக்குவது? முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்றைக்கும் நான் நாற்காலியில்தான் இருக்கிறேன், அவள் தரையில்தான் இருக்கிறாள், இருக்கிற நேரத்துக்கு. இன்று காலையில்கூட, டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனாள். இதைச் சொல்லி முடிக்கிறவரை வரவில்லை.

ஒன்பது மணியானால் கேட்டைச் சாத்தத்தான் செய்கிறேன். அவள் வெளியே இருக்கிற நாட்களில் பூட்டு மட்டும் போடுவதில்லை.