முப்பத்தொரு துளை

ஜி.பி.எஸ் கைக்கருவி இடப்பக்கம் போகச் சொன்னது. போன் வலப்பக்கம் போகச் சொன்னது. நடுவில், உறைந்த ஏரியின் மேல், தோளில் துளைப்பானோடு தார்மோ நின்றுகொண்டிருந்தார்.

போட்டி தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. ஒரு மணிக்கு விசில் ஊதிவிடுவார்கள். அதற்குள் பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, அதிக எடைக்கு மீன் பிடிப்பவருக்குக் கோப்பை. பள்ளிக்கூடச் சமையற்காரி ராய்லா ஏழு வருடமாகக் கோப்பையோடு வீட்டுக்குப் போகிறாள். தார்மோ ஏழு வருடமாகப் பட்டாணி சூப்பைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்.

இந்த வருடம் விடுவதாக இல்லை. போன கோடையில் படகில் சுற்றி, பெர்ச் மீன்கள் கூட்டம் போடும் ஒரு மேட்டை ஏரிக்கடியில் கண்டுபிடித்து, அதைக் கைக்கருவியிலும் போனிலும் குறித்துவைத்திருந்தார். அந்தத் தைரியத்தில் சவுனா நீராவிக் குளியலறையில் பத்துப் பேர் முன்னால் சபதமும் போட்டாயிற்று: "இந்தத் தடவையும் தோத்தா துளைப்பானை வித்துட்டு, பொண்டாட்டி கூட டாங்கோ நடன வகுப்புக்குப் போறேன்!" செய்தி காதில் விழுந்த அன்றே மனைவி இர்மெலி இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டாள்.

ஆளுக்கொரு பக்கம் காட்டும் இரண்டு எதற்கு, ஒரு கருவி போதாதா என்றால், போதும். ஆனால் கைக்கருவி மைத்துனன் உர்போ பிறந்தநாளுக்குக் கொடுத்தது. போன் இர்மெலி கல்யாண நாளுக்குக் கொடுத்தது. எதை வீட்டில் விட்டுவந்தாலும் நிம்மதி போய்விடும். உர்போ அதோ ஐம்பதடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். இர்மெலி கரையில் சூப்புக் கூடாரத்தில் நின்றுகொண்டு, தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தார்மோ இடப்பக்கம் போனார். மளமளவென்று துளை போட்டார். தூண்டிலை இறக்கி இரண்டு நிமிடம் ஆட்டினார். ஒன்றும் கடிக்கவில்லை. போன் அடித்தது.

"என்னங்க, ஏன் இடப்பக்கம் போறீங்க? போன் அங்கயா காட்டுது?"

"இல்லம்மா, சும்மா ஒரு..."

"என் தம்பி குடுத்த டப்பாவ நம்புவீங்க, நான் குடுத்தத நம்ப மாட்டீங்க. அப்படித்தானே?"

தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வலப்பக்கம் எண்பது தப்படி நடந்தார். துளை. இரண்டு நிமிடம். ஒன்றுமில்லை.

"அத்தான்!" உர்போ கத்தினான். "அங்க என்ன பண்றீங்க? கருவி மேல நம்பிக்க போயிடுச்சா?"

"உன் அக்கா பாக்கறாடா!"

"நானும்தான் பாக்கறேன்!"

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிட்டது. இடப்பக்கம் இருக்கும்போது மீன் வலப்பக்கம் இருப்பதாகத் தோன்றியது. வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம் விட்டுவந்த துளைக்கடியில் மீன்களெல்லாம் இப்போதுதான் வந்து கூடியிருக்கும் என்று வயிறு எரிந்தது. சரி, இரண்டுக்கும் நடுவில் போட்டுப் பார்ப்போம் என்று நடுவில் ஒன்று போட்டார். அப்புறம் நடுவுக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவில் ஒன்று. பத்தரை மணிக்குள் பதினாலு துளை.

போனை இன்னொரு முறை சரியாகப் பார்த்துவிடலாம் என்று எடுத்தார். கையுறையோடு தொட்டால் திரை அசையவில்லை. கையுறையைக் கழற்றினால் விரல் அசையவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மூக்கால் தொட்டார். அது வேலை செய்தது. 'இந்த இடத்தை நீக்கவா?' என்று போன் கேட்டது. மூக்கு நுனியில் கண்ணீர்போல் ஒரு சொட்டு நின்றது. அதைத் துடைப்பதற்குள் அது 'ஆம்' மேல் விழுந்துவிட்டது.

பழைய குறிப்பு எங்காவது ஒளிந்திருக்குமா என்று தேடுவதற்குள் குளிரில் போன் செத்தது. அதை உயிர்ப்பிக்கச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்தார். அங்கேதான், உறைந்துபோகாமலிருக்க, தூண்டில் புழு டப்பாவையும் வைத்திருந்தார். போன் தள்ளியதில் டப்பாவின் மூடி திறந்துகொண்டது.

இருநூறு புழுக்களும் வயிற்றை நோக்கி இறங்கின. தார்மோ துள்ளினார். நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஒற்றைக் காலில் சுழன்றார்.

இது நடக்கவே கூடாத காரியம். இந்த ஏரியில் மீன் கடித்தவன் இழவு வீட்டில் இருப்பவன் மாதிரிதான் உட்கார்ந்திருப்பான். முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தாலும் சுற்றிலும் ஆட்கள் வந்து துளை போட்டுவிடுவார்கள். இங்கேயோ ஓர் ஆள் கூத்தே ஆடுகிறான்! நாலு திசையிலிருந்தும் நாற்பது பேர் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"எவ்வளவு பெருசு தார்மோ?"

"மீன் இல்லப்பா! புழு!"

"ஆமாமா, புழுதான். தள்ளி நில்லு, நாங்களும் ரெண்டு புழு புடிச்சிக்கறோம்."

நாற்பது துளைப்பான்கள் ஒரே நேரத்தில் கறகறத்தன. தார்மோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு தப்பித்து ஓடினார்.

கைக்கருவிதான் இனிக் கதி. அது இப்போது ஏரியை விட்டுவிட்டு, தேவாலயத்தைக் காட்டியது. உர்போவிடம் ஓடினார்.

"அதுக்குத் திசை குழம்பிடுச்சு அத்தான். கையில சமமாப் புடிச்சிக்கிட்டு ரெண்டு சுத்து சுத்துங்க, சரியாயிடும்."

சுற்றினார். கருவிக்குத் திசை தெளிந்ததோ இல்லையோ, தார்மோவுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கரையில் யாரோ கைதட்டினார்கள்.

"டாங்கோவுக்கு இப்பவே பழகறார் போல!"

அதற்குப் பிறகு அவர் மனிதனாக நடக்கவில்லை. கருவி காட்டிய இடத்தில் துளை, மனசு சொன்ன இடத்தில் துளை, காக்கை உட்கார்ந்த இடத்தில் துளை. ஒரு துளையில் தூண்டில் நனையும்போதே கண் அடுத்த இடத்தைத் தேடியது. முப்பத்தொன்றாவது துளையில் விரல் நீளத்தில் ஒரு பெர்ச் மாட்டியது. விசில் ஊதியது.

எடை போட்ட நடுவர் அந்த மீனைப் பார்த்தார், பிறகு தார்மோவைப் பார்த்தார்.

"பூனை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

ராய்லாவின் வாளியில் ஆறு கிலோ நானூறு. எட்டாவது கோப்பை.

இர்மெலி சூப்புக் கிண்ணத்தைக் கொடுத்தாள். "செவ்வாய்க்கெழம ஆறு மணிக்கு வகுப்பு. ஷூவ தொடச்சி வைங்க."

"பேட்டரி தீந்துபோச்சு இர்மெலி. இல்லன்னா..."

"ரெண்டு கையிலயும் ரெண்டு வச்சிக்கிட்டா தூண்டில எந்தக் கையால புடிப்பீங்க?"

தார்மோ கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அறுபது வயதை நெருங்கும் மனிதன், சூப்பைப் பார்த்து அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டார். துளைப்பானை விற்கப்போகிறோம், அதற்குமுன் ஒன்றை மட்டுமாவது தெரிந்துகொண்டுவிடலாம். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ராய்லாவின் மேசைக்குப் போனார்.

"இனிமே நான் போட்டிக்கு வரப்போறதில்ல. அதனால உண்மையச் சொல்லு ராய்லா. நீ எத வச்சி எடத்தக் கண்டுபுடிக்கிற? கைக்கருவியா, போனா?"

ராய்லாவின் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் விழுந்தது.

"ஐயையோ, வராம இருந்துடாதீங்கண்ணே! தோள் ஆபரேஷனுக்கு அப்புறம் என்னால துளையே போட முடியாது. இத்தன வருஷமா நீங்க போட்டுட்டு ரெண்டே நிமிஷத்துல எழுந்து போற துளையிலதான் நான் உக்காந்து புடிச்சிக்கிட்டு இருக்கேன்!"