ஒரு கூடைக் கொடி

முதலாம் நம்பர் பாட்டிலில் இருந்தது மருந்தே இல்லை, கசப்பேற்றிய சாயத் தண்ணீர். அதைக் குடிக்கப்போகிறவள் தன் மனைவி என்று தெரிந்ததும் மருத்துவமனையில் மருந்து நிரப்பும் பாட்டில்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஈரல் நோய்க்கு ஒரு காட்டுக்கொடியின் சாற்றை அந்த மருத்துவமனையில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு கூடைக் கொடி. இனி அடுத்த மழைக்குத்தான் தளிர்க்கும். ஆகவே நோயாளிகளும் இரண்டே பேர். ஒருவருக்குச் சாறு, மற்றவருக்குச் சாயத் தண்ணீர். யாருக்கு எது என்பது டாக்டரம்மாவுக்கே தெரியக் கூடாதாம். பீரோவில் பூட்டிய சீட்டுக்கும், பாட்டிலை நிரப்புகிற இவருக்கும் மட்டும்தான் தெரியும். சாறு விழுந்தது இரண்டாம் நம்பருக்கு, பக்கத்துக் கட்டில் தையல்காரிக்கு.

இருபது வருஷமாக ஒரு சொட்டுகூடச் சிந்தாத மனிதர், அன்று இரண்டு லேபிள்களையும் மாற்றி ஒட்டினார்.

"கசக்குதா?" என்று மறுநாள் மனைவியிடம் கேட்டார்.

"நீங்க குடுக்கிறது என்னைக்கு இனிச்சிருக்கு?" என்றாள் அவள்.

மூன்று வாரத்தில் தையல்காரியின் கண்ணில் இருந்த மஞ்சள் மறைந்தது. மனைவிக்கோ பாதம் வீங்கிவிட்டது. வீரியம் போதவில்லை போலும் என்று அவர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினார். தையல்காரி எழுந்து வார்டு முழுக்க நடந்தாள், நர்சுகளின் சட்டைக்கு அளவெடுத்தாள். மனைவியால் எழுந்து உட்காரவே முடியவில்லை. சாயத் தண்ணீரைக் குடித்தவள் துள்ளுகிறாள், மருந்தைக் குடித்தவள் துவண்டு கிடக்கிறாள். பாட்டில்காரர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

டாக்டரம்மா சீட்டைப் பிரித்தார்.

"ரெண்டாம் நம்பருக்குத்தான் சாறு. கொடி வேலை செய்யுது. அடுத்த வருஷம் இருநூறு பேருக்குக் குடுத்துப் பார்க்கலாம்."

இருநூறு பேருக்கும் இதே கதிதானா என்று நினைத்தார் அவர். இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, நேர்மை அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"மேடம், நான் லேபிளை மாத்தி ஒட்டிட்டேன். சாறு குடிச்சது என் சம்சாரம்."

டாக்டரம்மா சீட்டை மடித்து மேஜையில் போட்டார்.

"உங்களை அப்புறம் கவனிச்சுக்கிறேன். அப்படின்னா அது மருந்தில்ல, விஷம். மிச்சத்தையெல்லாம் கொட்டிடுங்க."

கடைசிச் சொட்டுவரை தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கழுவினார். தன் கையாலேயே அவளுக்கு விஷத்தை ஊட்டியிருக்கிறோமே என்று தொட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

திரும்பி வந்தபோது மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கிளம்பிய தையல்காரி, பையும் கையுமாக அவரை வார்டு வாசலில் நிறுத்தினாள்.

"அக்கா சொல்லக் கூடாதுன்னாங்க, எனக்கு மனசு கேக்கல. 'என் வீட்டுக்காரர் எப்படியும் எனக்கு நிஜ மருந்தாத்தான் கொண்டுவந்து வைப்பாரு, உனக்குக் கைக்குழந்தை இருக்கு, நீ குடி'ன்னு முதல் நாள்லேர்ந்து அவங்க பாட்டிலை எனக்குக் குடுத்துட்டு, என்னோடதைத்தான் அவங்க குடிச்சாங்க அண்ணே."