மழையில் தண்ணீர் தேடிப் போனவன்

கத்தோலிக்கச் சாமியாராவதற்காகக் குருமடத்தில் நான் படித்தது இரண்டே வருடம். அந்த இரண்டு வருடப் படிப்பை வைத்துக்கொண்டு அடுத்த இருபது வருடம் சொந்தக்காரர்களை இம்சித்தேன். முழுதாகப் படித்து முடித்த சாமியார்கள் ஓய்வு நேரத்தில் கோழி வளர்ப்பார்கள், பந்து விளையாடுவார்கள். பாதியில் வெளியே வந்தவனுக்குத்தான் எந்நேரமும் வேதசாஸ்திரம். (ஏன் வெளியே வந்தாய் என்று யாராவது கேட்டால், குருத்துவம் எனக்கு ஒத்துவரவில்லை என்பேன். நான் அதற்கு ஒத்துவரவில்லை என்று பெரிய சாமியார் சொன்னதை யாரிடமும் சொன்னதில்லை.)

எனக்குப் பிடித்த பாடம் ஞானஸ்நானம். இப்போது திருமுழுக்கு என்கிறார்கள். என் தங்கை ஆரோக்கியத்தின் கல்யாணப் பந்தியில் நான் நடத்திய பிரசங்கம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. மாப்பிள்ளை சவரிமுத்து மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருடைய அப்பா லுத்தரன் சபையில் வளர்ந்தவர். அவருக்குப் பக்கத்து இலையில் நான்.

"நாங்க மூணு தரம் தலையில ஊத்துவோம். உங்க சபையில கையால அள்ளித் தெளிக்கிறாங்க. பெந்தெகொஸ்தேக்காரங்க குழந்தைக்குக் குடுக்கவே மாட்டாங்க. வயசு வந்து, தானா விசுவசிச்சு வரணும், ஆத்துல முழுசா முழுக்கணும். முழுக்குங்கறது பொதைக்கிற குழி மாதிரி, பழைய மனுஷன் அதுல செத்து எழுந்திருக்கணும்னு அவங்க கணக்கு. கேரளத்துல பழைய சிரியன் சபையில கைக்குழந்தையையே மூணு தரம் முக்கி எடுத்து, உடம்பெல்லாம் தைலம் பூசி, அன்னைக்கே நற்கருணையும் குடுத்துடுவாங்க. நம்ம கணக்குல ஜென்ம பாவத்தைக் கழுவறது..."

"தம்பி," என்றார் அந்தப் பெரியவர், "பாயசம் ஆறுது."

அப்போதே வாயை மூடியிருக்கலாம்.

இரண்டு வருடம் கழித்து ஓர் ஐப்பசி மாதம். ஆரோக்கியத்துக்கு எட்டாம் மாதம். அவளைப் பிரசவத்துக்குச் சின்னசேலத்துக்கு அழைத்து வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். கச்சிராயபாளையம் வரை பஸ். அதற்குமேல் மரம் ஏற்றப் போகும் லாரி, அதற்கும் மேல் நடை. நான் போய்ச் சேர்ந்த அன்று பிடித்த மழை மூன்று நாள் ஆகியும் விடவில்லை. பாதையில் மரம் விழுந்து லாரி நின்றுவிட்டது. நான்காம் நாள் காலையில், மாதம் நிறையாமலே, அவளுக்கு வலி வந்துவிட்டது. சவரிமுத்து ஜீப்பும் நர்ஸும் கொண்டுவருகிறேன் என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கீழே ஓடினார்.

பிரசவம் பார்த்தவள் பக்கத்துக் குடிசைச் சடைச்சி. மலைக்காரி. மலைத்தெய்வம் கரிராமனைக் கும்பிடுகிறவள். பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. அழவில்லை. சடைச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தட்டினாள், வாயில் ஊதினாள். பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் வந்து நின்றது. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"அண்ணா!" என்று உள்ளேயிருந்து ஆரோக்கியம் கத்தினாள். "நிக்காதண்ணா, புள்ளைக்கு ஞானஸ்நானம் குடு! தங்காது போலக்கீது!"

இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே நான் இரண்டு வருடம் படித்தது. உள்ளே ஓடினேன். மூலையில் அண்டாவில் தாய்க்கு ஊற்ற வைத்திருந்த வெந்நீர் இருந்தது. கையை விட்டேன். பச்சையாக, வாசனையாக இருந்தது.

"இதுல இன்னா போட்டீங்க?"

"நொச்சித் தழை, தம்பி. ஒடம்பு வலிக்கு," என்றாள் சடைச்சி.

என் மூளையில் பாடப்புத்தகம் திறந்துகொண்டது. ஞானஸ்நானத்துக்கு வேண்டியது சுத்தமான இயற்கைத் தண்ணீர். ஆற்றுநீர் செல்லும், கடல்நீர் செல்லும். சாராயம், பால், தேநீர் செல்லாது. நொச்சித் தண்ணீர் தண்ணீரா, கஷாயமா? புத்தகத்தில் நொச்சி இல்லை. மேலும், ஆதிச் சபையார் ஓடுகிற தண்ணீரைத்தான் விரும்பினார்கள் என்றும் படித்திருந்தேன். (ஓடுகிற தண்ணீர் கிடைக்காவிட்டால் எந்தத் தண்ணீரானாலும் போதும் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. எனக்கு அடுத்த வரி எப்போதும் ஞாபகம் இருப்பதில்லை.)

செம்பை எடுத்துக்கொண்டு சுனைக்கு ஓடினேன்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து கயிறு கயிறாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் நுழைந்து, அதைத் தலையில் வாங்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தேடி ஓடினேன்.

சுனை இரண்டு பர்லாங்கு. வழியில் ஒரு கிழவர் பாறைக்கடியில் ஆடுகளோடு ஒதுங்கியிருந்தார்.

"இன்னா மாப்ள, எங்க ஓடற?"

"தண்ணி எடுக்க!"

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வாசல்ல ஒரு சட்டிய வச்சா ரொம்பிடுமே," என்றார், நிதானமாக.

மலைக்காரருக்குச் சாஸ்திரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். செம்பைச் சுனை மணலில் தேய்த்துக் கழுவினேன். (ஆமாம், கழுவினேன். இரண்டு முறை.) வேட்டி நுனியால் வடிகட்டி நிரப்பினேன். திரும்பும்போது செம்மண் சரிவில் கால் வழுக்கி, பத்தடி உட்கார்ந்தபடியே போனேன். ஒரு செருப்பு ஓடையோடு போயிற்று, வேட்டி உண்ணிச்செடியில் மாட்டிக்கொண்டது. செம்பில் அரை உழக்குத் தண்ணீர் மிஞ்சியிருந்தது. ஒரு குழந்தையின் தலைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் அதில் மண் கலங்கியிருந்தது. கொட்டிவிட்டு மறுபடி சுனைக்குப் போனேன்.

இந்த வரியை எழுதும்போது கை நிற்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். மறுபடி போனேன்.

வந்து சேர்ந்தபோது வீடு அமைதியாக இருந்தது. குழந்தை சடைச்சியின் மடியில் கிடந்தது. நெற்றியும் முடியும் ஈரமாக இருந்தன.

"நீ வரலியேண்ணா," என்றாள் ஆரோக்கியம். குரல் பாதிதான் வந்தது. "மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சி. எனக்குக் கைய தூக்க முடில. சடைச்சிக்காவ ஊத்தச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அக்காவும் சொன்னாங்க, பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு. ஊத்தும்போது உசுரு இருந்துச்சிண்ணா. கண்ண முழிச்சிப் பாத்துச்சி. செல்லும் இல்ல?"

அந்த நேரத்தில் எந்த மனிதனும் செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்றுதான். "செல்லும்மா" என்று சொல்வது. பொய்யாக இருந்தாலும் சொல்ல வேண்டும். நானோ செம்பைக் கீழே வைத்துவிட்டு, பள்ளி ஆய்வாளர் போலக் கேட்டேன்:

"எந்தத் தண்ணி?"

"அண்டாவுல இருந்ததுதான்."

"செல்லாது," என்றேன். "அது கஷாயம். அதுவுமில்லாம சடைச்சி கிறிஸ்தவங்க இல்ல. ஞானஸ்நானம் வாங்காதவங்க எப்படிக் குடுக்க முடியும்?"

"அவசரத்துல யாரு வேணாலும் குடுக்கலாம்னு நம்ம உபதேசியார் சொல்லிக் குடுத்தாரேண்ணா?"

"அது வேற," என்றேன். எது வேறு என்று எனக்கே தெரியாது.

சடைச்சி குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "அது கேட்டிச்சி, நான் ஊத்தினேன்," என்றாள். "அதுல இன்னா தப்பு?"

ஆரோக்கியம் என் பக்கம் திரும்பினாள். "அப்ப புள்ள எங்க போவும்?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, வேதனை இல்லாத ஓர் இடைப்பட்ட இடம் என்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை விளக்கமாகச் சொன்னேன். ஆறுதல் சொல்கிறேன் என்றே நினைத்தேன்.

அவள் கேட்டாள்: "அங்க அதுக்கு யாருண்ணா பால் குடுப்பாங்க?"



பொழுது சாயும் நேரத்தில் சவரிமுத்து நர்ஸோடு வந்தார். தாயைக் காப்பாற்ற முடிந்தது. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டினோம். "நீ ரெண்டு வார்த்த செபம் சொல்லு மச்சான்," என்றார். ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு அடக்கச் செபம் கிடையாது என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. படித்தவன் சொல்கிறேனே. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொள்ளாமலே நெடுநேரம் நின்றார்.

அடுத்த ஒரு வாரம் ஆரோக்கியம் படுத்தே கிடந்தாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போது எழுந்து போய், குழி இருந்த பக்கம் பார்த்து மண்ணில் பீய்ச்சிவிட்டு வந்து படுத்துக்கொள்வாள். சடைச்சிதான் கூடவே போய்ப் பிடித்துக்கொள்வாள்.

மழை விட்டதும் கீழே இறங்கி எங்கள் பங்குச் சாமியாரைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். இவ்வளவு இக்கட்டிலும் சட்டத்தை விடாமல் பிடித்த வாலிபன் என்று பாராட்டுவார் என்ற நினைப்பு.

"தண்ணி ஊத்தினாளா?" என்றார்.

"நொச்சித் தண்ணிங்க, சாமி."

"நாலு தழை போட்டா தண்ணி தண்ணி இல்லாம போயிடுமா? சொல்ல வேண்டியதச் சொன்னாளா?"

"சொன்னாங்களாம்."

"புள்ளைக்கு உயிர் இருந்திச்சா?"

"இருந்திச்சாம். ஆனா அவங்க கிறிஸ்தவங்க இல்லீங்க சாமி."

"அதனால இன்னா? அந்தத் தாய் இன்னா நெனச்சிக் கேட்டாளோ, அதையே செய்யணும்னு நெனச்சி இவ ஊத்துனா. போதும். யார் ஊத்துனாலும் ஞானஸ்நானம்தான். நீ எத்தனை வருஷம் படிச்ச?"

"ரெண்டு வருஷங்க."

"இது குருமடத்துப் பாடமே இல்லடா. புதுநன்மை வாங்க வர்ற எட்டு வயசுப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றது."

அவர் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் போட்டார். "உனக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்குமே. எழுது." தகப்பன் பெயர், தாய் பெயர் எழுதினேன். 'கொடுத்தவர்' என்ற இடத்தில் வழக்கமாகச் சாமியார் பெயர் வரும். அங்கே 'சடைச்சி' என்று எழுதினேன். குழந்தையின் பெயருக்கு இடம் விட்டேன். அதைத் தாயைக் கேட்டுக்கொண்டு வா என்றார்.

மலையேறிப் போய்ச் சொன்னேன். ஆரோக்கியம் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. "ஒரு வாரமா என் புள்ளைய எங்கெங்கியோ தேடிக்கினு இருந்தேண்ணா," என்றாள். "மரியான்னு எழுதிக்கோ." அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னைத் திட்டினால் தேவலை என்று பல வருடம் காத்திருந்தேன். திட்டவே இல்லை.

சடைச்சியிடமும் போய் நின்றேன். கேழ்வரகு கிண்டிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "நீ எடுத்தாந்த தண்ணியத்தான் அன்னிக்கிக் கூழுக்கு ஊத்துனேன் தம்பி," என்றாள், துடுப்பை நிறுத்தாமல். "நல்ல தண்ணி."

இதெல்லாம் ஐம்பது வருடத்துக்கு மேலான கதை. பிறகு ஆரோக்கியத்துக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் லூர்து. அவளுடைய மகன் பெந்தெகொஸ்தே சபைப் பெண்ணை விரும்பி, மூன்று வருடத்துக்கு முன் கோமுகி அணையில் முழுக்கு எடுத்தான். குழந்தையில் ஊற்றியது போதாதா என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. கரையில் எல்லோரும் போதகருக்காகக் காத்திருந்தோம். லூர்து ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக் காட்டி, "தண்ணி கம்மியா கீதாம், மாமாவ அனுப்பலாமா?" என்றாள். எங்கள் கூட்டம் முழுக்கச் சிரித்தது. பெண் வீட்டார் விழித்தார்கள்.

ஆரோக்கியம்தான் அவர்களுக்குக் கதையைச் சொன்னாள். கொட்டுகிற மழையில் நான் தண்ணீர் தேடி ஓடியது, ஆட்டுக்காரர் கேட்டது, சரிவில் உட்கார்ந்து போனது, வேட்டி போனது எல்லாம் சொன்னாள். எனக்கே சிரிப்பு வந்தது. முடிவு மட்டும் எனக்குப் புதிது. "சடைச்சிக்கா ஊத்தினாங்க பாரு, சில்லுனு பட்டதும் புள்ள வீல்னு கத்திச்சி. அப்ப இந்த மகாராசன் சொட்டச் சொட்ட வந்து நிக்கறான், செம்பத் தூக்கிக்கினு!"

"அந்தக் கொழந்த யாருங்கம்மா?" என்று கேட்டாள் லூர்துவின் புது மருமகள்.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். "இதோ, உங்க மாமியாருதான்," என்றாள்.

லூர்து பிறந்தது சின்னசேலம் ஆஸ்பத்திரியில், நல்ல வெயில் காலத்தில். வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவன் நான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதைத் திருத்தியே பழகிய வாய், அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திறக்கவில்லை.

திரும்பும்போது வேனில் ஆரோக்கியம் மெதுவாகச் சொன்னாள்: "நடந்தத எழுதணும்னு உனக்கு ஆசை இருந்தா, நான் போனப்புறம் எழுதிக்கோ."

போன தை மாதம் அவள் போய்விட்டாள். எழுதியதை முதலில் லூர்துவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தாள். அவள் மனம் உடைந்துவிடும் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நான் ஆஸ்பத்திரியில பொறந்தது எனக்குத் தெரியாதா மாமா?" என்றாள். "அப்பா சாவறதுக்கு முன்னாடியே எல்லாம் சொல்லிட்டாரு. அம்மா அந்தக் கதைய சொல்லும்போது அவங்க மொகத்த நீங்க பாத்திருக்கீங்களா? அதுல அந்தப் புள்ள பொழச்சிக்குது. பொழச்சிட்டுப் போவட்டும். நீங்க உங்க கதைய எழுதுங்க. நான் என் பேரப்புள்ளைங்களுக்கு அம்மா கதையத்தான் சொல்வேன்."

நேற்றும் சொன்னாள். குழந்தை வீல் என்று கத்திய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.