பாலம் வந்ததும் எழுந்தவர்கள்

மேழிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே அரசரும் உண்டு, தேர்தலும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்கள் தங்கள் அரசரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மற்ற நாட்களில் அரசர் தேர்ந்தெடுத்தார், எந்தக் குடிமகனைக் கண்ணால் பார்ப்பது, எவனைப் பார்க்காமல் விடுவது என்று.

அந்த நாட்டில் ஒரே ஒரு ரயில் ஓடியது. காலையில் புஞ்சைக்கரையில் புறப்பட்டுத் தலைநகருக்குப் போகும், மாலையில் திரும்பும். அரண்மனைக்குச் சமைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், கொடி தைப்பவர்கள், பூட்டுச் செய்பவர்கள் எல்லாரும் புஞ்சைக்கரையில்தான் குடியிருந்தார்கள். தலைநகரில் உழைக்க அவர்களுக்கு அனுமதி உண்டு, உறங்க இல்லை. ரயிலுக்கு எட்டுப் பெட்டிகள். உட்கார்ந்து போகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் நின்றுகொண்டும் போனார்கள்.

வழியின் நடுவே ஓர் ஆறு. அதன் பாலத்தில், நடுத்தூணின் மாடத்தில், ஆற்றம்மன் நின்ற கோலத்தில் இருந்தாள். ரயில் பாலத்தில் ஏறியதும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து அவளைக் கும்பிடுவார்கள். கும்பிட்டு முடித்துத் திரும்பினால், பக்கத்தில் ஒருவர் வெகுநேரமாக நின்றுகொண்டிருப்பது கண்ணில் படும். சாமியைக் கும்பிட்ட கையோடு மறுபடி உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. இப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. பாதி வழி ஒருவர், பாதி வழி மற்றவர். எந்தச் சட்டமும் அதைச் சொல்லவில்லை. ஆறாம் பெட்டியில் சவரிமுத்து என்ற பூட்டுக்காரர், சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "பாலம் வந்தாச்சுப்பா!" என்று குரல் கொடுப்பார். அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களுக்கு நியாயம் என்றால் அது அந்தக் குரல்தான்.

அதே பெட்டியில் செங்கமலம் என்ற பெண் வந்தாள். அரண்மனைக் கொடிக்கூடத்தில் தையல் வேலை. வயிற்றில் பிள்ளை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. "பாதி நேரமாவது உக்காந்து போனா பிரசவம் வரைக்கும் வேலை பாக்கலாம். இல்லைன்னா இன்னைக்கே வேலைய விட்டு நின்னுடு தாயி" என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். கொடிக்கூடத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் அந்த ஊசி வேறு கைக்குப் போய்விடும். ஆகவே அவள் பாலத்தை நம்பி ரயில் ஏறினாள்.

கூட்டமோ ஏற்கெனவே ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வந்தது. சவரிமுத்துவும் இன்னும் சிலரும் இருப்புப்பாதை அமைச்சர் பூபாலனாரைப் பார்க்கப் போனார்கள்.

"என்ன வேண்டும்?" என்றார் அமைச்சர்.

"ரெண்டு பெட்டி கூடுதலா மாட்டினா போதுங்க. எல்லாரும் உக்காந்து வருவோம்."

அமைச்சர் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார். "பெட்டி என்பது என்ன? இரும்பு. இரும்பு துருப்பிடிக்கும். நாள் தவறாமல் நம் ரயிலில் வரும் உங்களுக்குத் துருப்பிடிக்கும் பொருளைக் கொடுப்பதா? அது உங்களுக்கு இழைக்கும் அவமதிப்பு அல்லவா? உங்களுக்கு நான் கௌரவம் தருகிறேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கௌரவம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதுவரை அவர்களுக்கு அதை யாரும் நீட்டியதே இல்லை.

முதல் ஆணை வந்தது. கடந்த ஓராண்டு முழுவதும் ஒருநாளும் தவறாமல் பயணித்தவர் 'நித்தியப் பயணி' ஆவார். அவர் கையில் நீலப் பட்டை கட்டிக்கொள்ளலாம். அவருக்குப் பாதிக் கட்டணம். ஒருநாள் தவறினாலும் பட்டை பறிபோகும்.

ஊரே மகிழ்ந்தது. சவரிமுத்துவுக்குப் பட்டை கிடைத்தது. செங்கமலத்துக்குக் கிடைக்கவில்லை. மசக்கையில் சில நாட்கள் அவள் படுத்துவிட்டாள்.

"என்னம்மா, பட்டை வாங்கலியா?" என்று கேட்டாள் சலவைக்கார முனியம்மாள்.

"புள்ளையும் பட்டையும் ஒண்ணா கெடைக்காதாம்க்கா. நான் புள்ளைய எடுத்துக்கிட்டேன்" என்றாள் செங்கமலம். பெட்டியே சிரித்தது. அப்போது இன்னும் எல்லாரும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டை போய்விடுமே என்று காய்ச்சலோடு வந்தார்கள். மழைக்காலத்தில் ஒருவர் கொண்டுவந்த காய்ச்சல் எட்டுப் பெட்டிக்கும் பரவியது. அரசிதழ் அதைப் பாராட்டி எழுதியது: "உடல்நலத்தையும் பொருட்படுத்தாத நம் பயணிகள்!"

கூட்டம் குறையவில்லை. மறுபடியும் போனார்கள். மறுபடியும் இரண்டு பெட்டி கேட்டார்கள். இரண்டாம் ஆணை வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் பாதி இருக்கைகளுக்கு மெத்தை போடப்பட்டது. அவை நீலப் பட்டைக்காரருக்கு மட்டும். அவர்கள் வராவிட்டால் அவை காலியாகவே போகும். "காலி மெத்தை என்பது வீண் அல்ல, அது மரியாதையின் உருவம்" என்று பூபாலனார் மன்றத்தில் விளக்கினார்.

ஆனால் பாலம் வந்ததும் மெத்தைக்காரர்கள் பழைய பழக்கத்தில் எழுந்துவிட்டார்கள். பட்டை இல்லாதவர்கள் போய் மெத்தையில் உட்கார்ந்தார்கள். செங்கமலம் உட்கார்ந்து, "அடேயப்பா, அரசர் இதுலதான் உக்காருவாராண்ணே?" என்றாள். சவரிமுத்து நின்றுகொண்டே, "அரசருக்கு இதவிட ரெண்டு மடங்கும்மா. அவரு நின்னே பழக்கமில்ல பாரு" என்றார்.

இந்தச் செய்தி தலைநகருக்கு எட்டியது. அமைச்சரவை கவலையோடு கூடியது. அரசர் தந்த இருக்கையை ஒருவர் இன்னொருவருக்குத் தருவது அரசரே தருவதைப் போல ஆகிவிடும்; ஒரு நாட்டில் எத்தனை அரசர்கள் இருக்க முடியும்? மூன்றாம் ஆணை வந்தது. மெத்தையில் அமர்ந்தவர் இறங்கும் நிலையம் வரை எழக் கூடாது. எழுந்தால் பட்டை போகும். பெட்டிக்கு ஒரு பட்டைப் பரிசோதகர் நியமிக்கப்பட்டார்.

"அய்யா, அம்மனக் கும்பிடணுமே?" என்று கேட்டார் ஒருவர்.

"உட்கார்ந்தபடி கும்பிடலாம்" என்றார் பரிசோதகர். "கோயில் அறங்காவலரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றாகிவிட்டது. அம்மனுக்கு ஆட்சேபணை இல்லை."

அன்று மாலை ரயில் பாலத்தில் ஏறியது. சக்கரச் சத்தம் மாறியது எல்லாருக்கும் கேட்டது. சவரிமுத்து குரல் கொடுக்கவில்லை. குரல் வராததால் மெத்தையில்லா இருக்கைகளிலும் யாரும் எழவில்லை. செங்கமலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே நின்றிருந்தாள். சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, பாலம் வந்துடுச்சு."

சவரிமுத்துவின் கால்கள் அசைந்தன. பரிசோதகர் திரும்பிப் பார்த்தார். சவரிமுத்து சன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்தப் பக்கம் அம்மன் மாடம் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

"பரவால்லண்ணே," என்றாள் அவள். "சும்மாதான் சொன்னேன்."

அவள் கதவோரம் தரையில் உட்காரப் போனாள். மெத்தையுள்ள பெட்டியில் தரையில் உட்காருவது பெட்டியின் கண்ணியத்துக்குக் குறைவு என்று பரிசோதகர் அவளை எழுப்பினார். புஞ்சைக்கரை வரை நின்றாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கொடிக்கூடத்தில் அவள் ஊசி வேறு கைக்குப் போயிற்று.

சவரிமுத்து மெத்தையில்தான் வந்தார், போனார். ஆனால் எதிரே இருந்த கம்பியை அவரால் பார்க்க முடியவில்லை. பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நிலைய அலுவலகத்துக்குப் போனார்.

"கௌரவத்தைத் திருப்பிக் கொடுக்க விதி இல்லை" என்றார் அலுவலர். "இழக்கத்தான் விதி உண்டு. ஏதாவது குற்றம் செய்யும்."

சவரிமுத்து யோசித்தார். மறுநாள் காலை ரயில் ஊதியபோது அவர் நிலையத்துக்குப் போகவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு செங்கமலத்தின் வீட்டுக்குப் போனார். குழந்தை பிறந்திருந்தது. சற்று முன்னதாகப் பிறந்ததால் சிறிதாக இருந்தது. ஆனால் நன்றாக அழுதது.

"ஏண்ணே, வேலைக்குப் போகலியா? பட்டை போயிடுமே!"

"போவட்டும்." அவர் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். "அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும்மா."

அவள் குழந்தைக்குத் துணியைச் சரிசெய்தாள். "ஆமாண்ணே, எந்திரிச்சிருக்கணும்," என்றாள். பிறகு, "பழத்த அங்க வைங்க. காப்பி போடுறேன்" என்றாள்.

தேர்தல் வந்தது. அரசரை எதிர்த்து நின்றவர் புஞ்சைக்கரை நிலையத்துக்கே வந்தார். மேடை மேல் நின்று, "உங்களுக்கு என்ன வேண்டும்? கேளுங்கள்!" என்றார்.

நீலப் பட்டைக்காரர்கள், "எங்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இன்னும் தெரிய வேண்டும்" என்றார்கள். பட்டை இல்லாதவர்கள், "அவர்களிடமிருந்து பட்டையைப் பிடுங்கி எங்களுக்குக் கொடுங்கள்" என்றார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டு பெட்டி வேணும்ங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாருப்பா அது, பெட்டி கேக்குறது? ஊருக்குப் புறப்படுறியா?" என்று முனியம்மாள் கேட்டாள். கூட்டம் சிரித்தது. சவரிமுத்துவும் சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

புதிய அரசர் வென்றார். நீலப் பட்டை ஒழிக்கப்பட்டு, முடிசூட்டு விழாவுக்கு வந்த அனைவருக்கும் பொன் பட்டை வழங்கப்பட்டது. மெத்தை இனி பொன் பட்டைக்கு; எழக் கூடாது என்ற விதி மட்டும் அப்படியே இருந்தது. செங்கமலமும் கைக்குழந்தையோடு வெயிலில் நின்று ஒன்று வாங்கிக்கொண்டாள். பொன் பட்டை தைக்க ஆள் தேவைப்பட்டதால் கொடிக்கூடத்தில் அவளுக்கு மறுபடி வேலையும் கிடைத்தது. நீலப் பட்டையைக் குற்றத்தால் இழந்த சவரிமுத்து போன்றவருக்கு மட்டும் பொன் பட்டை கிடையாது. விழா ஊர்வலத்துக்காக ரயிலிலிருந்து இரண்டு பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவை திரும்பி வரவில்லை. ஊர்வலம் மிக அழகாக இருந்ததாக அனைவரும் பேசிக்கொண்டார்கள்.

ஆறு பெட்டி ரயில் முதல் நாள் பாலத்தில் ஏறியது. செங்கமலம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெத்தையில் இருந்தாள். சவரிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றிருந்தார். சக்கரச் சத்தம் மாறியது.

அவள் பக்கத்தில் இருந்த முனியம்மாளை இடித்தாள். "அக்கா, கொஞ்சம் தள்ளு."

"எதுக்குடி?"

"தள்ளுக்கா, சொல்றேன்." குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் நகர்ந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் உண்டாயிற்று. "வாங்கண்ணே, இப்படி ஒட்டிக்கிட்டு உக்காருங்க."

பரிசோதகர் ஓடி வந்தார். "இருக்கையைத் தரக் கூடாது!"

"தரலீங்களே. எந்திரிக்கக் கூடாதுன்னுதான் சட்டம். தள்ளி உக்காரக் கூடாதுன்னு எங்கங்க இருக்கு?"

பரிசோதகர் ஆணையை எடுத்துப் படித்துப் பார்த்தார். அதில் அப்படி எதுவும் இல்லை. சவரிமுத்து அந்த ஒரு சாணில் உட்கார்ந்தார். முனியம்மாள் முணுமுணுத்தாள், ஆனால் இன்னும் ஒரு விரல் தள்ளினாள். எதிர் வரிசையில் ஒருவர் தயங்கிவிட்டு, நின்றுகொண்டிருந்த சமையல்காரரைப் பார்த்துத் தன் இடுப்பை நகர்த்தினார். அந்த மாலை பலர் நெருக்கிக்கொண்டு, வேர்த்துக்கொண்டு, பழையபடி பேசிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

செய்தி தலைநகருக்கு எட்டியது. புதிய அரசர் பயணிகளின் நலனில் மிகுந்த அக்கறை கொண்டவர். ஒரே வாரத்தில் புதிய சலுகை அறிவிக்கப்பட்டது. பயணிகள் கைகளை வைத்து இளைப்பாறுவதற்காக, ஒவ்வோர் இருக்கைக்கும் இரண்டு பக்கமும் தேக்கு மரக் கைப்பிடிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் மேல் பொன் வண்ணம் பூசப்பட்டிருந்தது.

கைப்பிடிகள் வந்த அன்று நிலையத்தில் மேளம் கொட்டினார்கள். பயணிகள் கைதட்டினார்கள். செங்கமலம் கைதட்டவில்லை, கையில் குழந்தை இருந்தது. மாலையில் ரயில் பாலத்தில் ஏறியபோது, கைப்பிடிகளுக்கு நடுவே தங்கள் தங்கள் இடத்தில் அமர்ந்தபடியே எல்லாரும் அம்மனைக் கும்பிட்டார்கள். அம்மன் நின்றுகொண்டிருந்தாள். சவரிமுத்துவும் நின்றுகொண்டிருந்தார்.