கலோட்ராபிஸ் தாம்பூலம்

பால்கனியில் ஆறு தொட்டி வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். நானும் அப்படிப்பட்ட ஒருத்திதான்.

பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிதில் செடி வளர்ப்போர் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே மணி பிளான்ட் என்று சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எபிப்ரெம்னம் என்று சொல்ல வேண்டும். (கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினேன். கண்றாவி!) பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் கறிவேப்பிலையைக்கூட விட மாட்டேன்.

"அம்மா, அதுக்குப் பேரு முர்ரயா கோயனிகி."

"என்னவோ இருந்துட்டுப் போவுது. ரசம் கொதிக்குது, ரெண்டு இணுக்கு பறிச்சிட்டு வா."

இந்த லட்சணத்தில் தங்கை கல்யாணம் வந்தது. தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் செடி கொடுக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அதுவும் லேசுப்பட்ட செடியா? தாய்லாந்துக் கல்யாண மாலை ஒன்றின் படத்தைக் குழுவில் ஒருத்தி போட்டிருந்தாள். மெழுகில் செய்தது போல வெள்ளை மொட்டுகள். ஆங்கிலத்தில் அதற்குக் கிரீடப் பூ என்று பெயராம். தாய்லாந்து மொழியில் அதன் பெயருக்குக் காதல் என்றும் பொருளாம். தமிழில் என்ன பெயர் என்று தேடினேனா? தமிழ்ப் பெயர் யாருக்கு வேண்டும்! நர்சரிக்காரருக்குப் போன் போட்டு, "கலோட்ராபிஸ் ஜைஜான்டியா, இருநூறு கன்னு" என்றேன்.

"அதுவாங்க? கல்யாணத்துக்கா?"

"ஆமா. ஏன், உங்ககிட்ட இல்லையா?"

"இல்லாமயா! ஜமாய்ச்சிரலாம் மேடம்."

கும்பகோணத்தில் மண்டபம். முதல் நாள் மாலை வரவேற்பு. கன்றுகள் நேராக மண்டபத்தில் இறங்கிப் பைக்குள் போய்விட்டன. (நான் பியூட்டி பார்லரில் இருந்தேன்.) முதல் பையை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என் கையாலேயே கொடுத்தேன். அவர் கன்றை வெளியே எடுத்தார். சாம்பல் பூத்த தடித்த இலை. ஒடிந்த இடத்தில் பால். வாய்க்கால் கரையில் ஆடுகூட மேயாத எருக்கு!

"ஏம்மா, எங்க வீட்ல எருக்கு முளைக்கணுமா?"

ஒரு குடும்பமே அழிந்துபோகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றுகிறவர்கள் சொல்லும் சாபம் அது. அதைத்தான் நான் தாலி கட்டுவதற்கு முன்பே பையில் போட்டு நீட்டியிருக்கிறேன். அப்போதாவது வாயை மூடினேனா? "எருக்கு இல்லங்க அத்தை, கலோட்ராபிஸ்" என்றேன்.

"கிளம்புங்க எல்லாரும். இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று அவர் தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். மேடையில் தங்கை அழ ஆரம்பித்தாள். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அம்மாதான் குறுக்கே பாய்ந்தாள். "சம்பந்தியம்மா, நல்லாப் பாருங்க, வெள்ளெருக்கு! பிள்ளையாருக்குச் சாத்துறது. அவரே உங்க வீட்டுக்கு வரட்டும்னு தேடிப் பிடிச்சுக் குடுக்கிறோம்."

பூக்காத கன்று. வெள்ளையா ஊதாவா என்று யார் கண்டது? அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் தாலி ஏறியது.

மன்னார்குடியில் அவர் வீட்டு வாசலில் அது ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. வெள்ளெருக்கு என்று தெருவெல்லாம் பெருமை அடித்தார். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். அக்கம்பக்கத்தார் சுற்றிக் கும்பிட்டார்கள். அப்புறம் அந்தப் பாழாய்ப்போனது பூத்தது. ஊதா!

இனிமேல் பிடுங்க முடியுமா? மானம் போய்விடுமே. தினமும் ஊர் எழும் முன் அவரே வந்து மொட்டுகளைக் கிள்ளிப் போடுகிறார். அவர் வெளியூர் போனால் அந்தத் திருப்பணி என் தங்கைக்கு. பால் பட்டுக் கை அரிக்குமாம். அரித்த கையோடு எனக்குப் போன் போடுவாள். ஹலோ கிடையாது, அக்கா கிடையாது.

"கிள்ளியாச்சு. நீ தூங்கு."